கயிறு தின்ற கிடா

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டியரிங்கில் முருகேசன். குரங்கணிக்கு மேலே உள்ள ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். குடியை விட்டவன்.

பின்னால் தங்கராசு. தென்னை ஏறுகிறவர். அவரும் விட்டவர்.

அவருக்கு எதிரே ஜோய். மலையில் காய் ஸ்டோரில் தீப் போடுகிறவர். பச்சை ஏலக்காயைச் சூட்டில் காய வைக்கிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். அவரும் விட்டவர்தான். மலையாளம் கலந்து பேசுவார். நிறையப் பேசுவார்.

ஜோய்க்குப் பக்கத்தில் நான். ஒச்சம்மாள். போடியில் ஒரு கடையில் ஏலக்காய் பொறுக்குகிறேன். எனக்குக் குடி கிடையாது. எனக்குக் குரல் கேட்கும். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன்.

முன்சீட்டில் கிடா.

போனது சிலமலைக்கு. முருகேசனின் மச்சான் வீட்டுக் காதுகுத்து. கோயிலில் கிடா வெட்டு. வெட்டப்போகிற கிடாதான் முன்சீட்டில் இருந்தது.

கிடா கண்ணாடிக்கு முன்னால் இருந்த சாமி படத்து மாலையைத் தின்றுகொண்டு வந்தது.

"தின்னட்டும். கடைசியாத் திங்குது" என்றான் முருகேசன்.

கிடாவை வெட்டினால் தன்னைப் பிடித்து வைத்திருக்கிற கட்டும் அறுந்துபோகும் என்று அவன் நம்பினான். கட்டு அறுந்தால் குடிப்பான். இனிக் குடித்தால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈரல் அந்த நிலைமையில் இருந்தது.

அவ்வளவுதான் விசயம்.

ஒரே அறை

குடிகாரர்களோடு உங்களுக்கு என்ன வேலை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

எனக்குக் கேட்கிற குரல் விலை சொல்லும். வேறு ஒன்றும் சொல்லாது. எதிரே வருகிற ஆளைப் பார்த்தால் ஏலம் விடுகிற மாதிரி கிலோ இவ்வளவு என்று கூப்பிடும். டீக்கடைக்காரர் எண்ணூறு. என் முதலாளி நூற்று இருபது. ஒருநாள் நானும் சேர்ந்து கத்திவிட்டேன். முதலாளி முகம் வாடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். குரல் தணிந்தது. முழுக்கப் போகவில்லை. தூரத்தில் ரேடியோ பாடுகிற மாதிரி இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கூட்டம். பத்து மணிக்குக் குடியை விட்டவர்கள். பதினொரு மணிக்கு எங்களைப் போல மனசு சரியில்லாமல் போனவர்கள். அறை ஒன்றுதான்.

பத்து மணிக் கூட்டத்தில் ஜோய் பேச ஆரம்பித்தால் பதினொன்றுக்கு முடியாது. நாங்கள் வெளியே நிற்போம். ஒருநாள் மழை வந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். ஜோய் நிறுத்தவில்லை. எங்களையும் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒரே கூட்டம்தான்.

கூட்டம் நடத்திய மேடம் மாற்றலாகிப் போனார். அறையை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். பல பேர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள் நாலு பேர். என் முதலாளி ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார். அவருக்கு அந்த நூற்று இருபது இன்னும் மனதில் இருக்கிறது. எப்போதாவது மெதுவாகக் கேட்பார்.

"இப்ப எம்புட்டு சொல்லுது ஒச்சம்மா?"

"கொஞ்சம் ஏறியிருக்குண்ணே."

கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

எங்களுக்குப் பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. குடிக்கத் தோன்றினாலும், தலைக்குள் ஏதாவது ஆரம்பித்தாலும், போன் போட வேண்டும். எடுப்பவர் "எங்க இருக்க" என்று கேட்க வேண்டும். யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவர் போக வேண்டும். போகிறவர் "இரு, வர்றேன்" என்று சொல்ல வேண்டும். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. புத்தியை எங்களுக்கு எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

மரத்து மேல் இருந்து ஒரு போன்

ஒரு தடவை தங்கராசு போன் போட்டார். ஜோய் எடுத்தார்.

"எவிடயா அண்ணே?"

"மரத்து மேல."

"எந்த மரம்?"

"ராசிங்காபுரத்துல, கெணத்துக்குப் பக்கத்துத் தென்னை. எறங்குனா நேரா கடைக்குத்தேன் போவேன். அதேன் எறங்கல."

ஜோய் போய் மரத்தடியில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது சட்டம். மரத்து மேலே பக்கத்தில் இடம் இல்லை. தேங்காய் விழும் என்று தலையில் ஒரு அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டார். அங்கிருந்தே மேலே பார்த்துப் பேசினார். தன் கல்யாணத்தில் ஆரம்பித்து, தன் அப்பா வாங்கிய பசுமாடு வரைக்கும் போனார்.

பொழுது சாய்ந்தபோது தங்கராசு தானாக இறங்கிவிட்டார்.

"குடிக்கிற நெனப்பு போயிருச்சா அண்ணே?" என்று நான் பிறகு கேட்டேன்.

"நெனப்பெல்லாம் இருந்துச்சு. இந்த ஆளு பேச்ச நிறுத்துனாப் போதும்னு ஆயிருச்சு."

இது புத்தி சொன்னதாகாது. அதனால் சட்டத்துக்குள்தான் வரும்.

ஆடும் குடிக்கக் கூடாது

கயிற்றுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் குடியை விட நினைக்கிறவர் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார். மஞ்சள் கயிறு. வலது மணிக்கட்டில் பூசாரி கட்டுவார். மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒரு வருசமோ, எவ்வளவு காலம் என்று சாமியிடம் சொல்ல வேண்டும். அதுவரை தொடக் கூடாது. கட்டிக்கொள்ள வருகிற அன்று பெரும்பாலும் ஆள் நிதானத்தில் இருக்க மாட்டார். கடைசி என்று சொல்லி நிறையக் குடித்துவிட்டு வருவார். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் கொடுப்பது வீட்டுக்காரியாக இருக்கும்.

முருகேசனுக்குத் தை மாதம் கட்டினார்கள். சிலமலைக் கோயிலில். அடுத்த தை வரைக்கும் ஒரு வருசக் கயிறு என்று எங்களிடம் சொல்லியிருந்தான். கூட்டத்துக்கு வந்தாலும் அவனுக்கு எங்களை விடக் கயிற்றின் மேல்தான் நம்பிக்கை. குளிக்கும்போது கையை மேலே தூக்கிக்கொண்டு குளிப்பான்.

அவன் மனைவி ஈசுவரி அதற்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். காதுகுத்து வைத்த மச்சான்தான் அந்த அண்ணன். பேர் வீரணன். முருகேசன் வாரத்துக்கு ஒருமுறை சிலமலைக்குப் போய் அவளைப் பார்ப்பான். அவள் உள்ளே வா என்று சொல்ல மாட்டாள். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, செம்பில் தண்ணீர் வைப்பாள். அவன் படுத்துத் தூங்கிவிட்டு வருவான். அதுவே அவனுக்குப் பெரிது.

ஆவணியில் அப்படித் தூங்கும்போது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியிருக்கிறது. பக்கத்தில் காதுகுத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா. எட்டு மாத வியர்வை குடித்த கயிறு. ஆட்டுக்கு உப்பு பிடிக்கும்.

எனக்கு போன் வந்தது.

"அக்கா, தின்னுருச்சு."

"யாரு?"

"கெடா."

"என்னத்த?"

"கயித்த. கண்ண முழிச்சுப் பாக்குறேன், நூலு நுனி மட்டும் வாயில தெரியுது. புடிக்கிறதுக்குள்ள முழுங்கிருச்சு."

"எங்க இருக்க?"

"கெடாகிட்ட."

"இரு, வர்றேன்."

தங்கராசையும் கூட்டிக்கொண்டு பஸ்சில் போனேன். முருகேசன் கிடாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூசாரியிடம் போனோம். கிடாவும் வந்தது.

"புதுசா ஒண்ணு கட்டிவிடுங்க சாமி" என்றான் முருகேசன்.

"பழச அவுக்காம புதுசு கட்டக் கூடாது. அவுக்கிறதும் இங்க வச்சு நாந்தேன் அவுக்கணும்."

"பழசு கெடாவுக்குள்ள இருக்கு."

பூசாரி கிடாவைப் பார்த்தார்.

"கயிறு எங்க இருக்கோ அங்கதேன் கட்டு இருக்கும்."

"அப்ப கெடாதேன் குடிக்கக் கூடாதா?" என்று தங்கராசு கேட்டார்.

"கெடாவும் குடிக்கக் கூடாது. இவனும் அத விட்டு விலகக் கூடாது. எத்தன மாசக் கட்டு?"

"ஒரு வருசம்" என்றான் முருகேசன்.

"இருக்கும். மாசம் பூராம் ஆளு வருது. யாருக்கு எம்புட்டுன்னு எனக்கு எங்க நெனப்பு இருக்கு. அவனவனுக்குத்தேன் தெரியணும்."

வீட்டுக்குத் திரும்பி வந்து விசயத்தைச் சொன்னோம். வீரணன் கிடாவைத் தந்தார். ஈசுவரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை காதுகுத்து மாப்ளே. காலையில கொண்டாந்துரணும். எளைச்சுப் போச்சுன்னா ஒத்துக்க மாட்டேன்" என்றார் வீரணன்.

அதற்குள் கயிறு வெளியே வந்துவிடும் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

எட்டு எம்எம்

ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத்தான் தரம் பிரிப்போம். எட்டு எம்எம் சல்லடையில் கீழே விழாமல் நிற்கிற காய்தான் முதல் தரம். வியாபாரிகள் அதை போல்டு என்பார்கள். கடையில் ஓரம் கிழிந்த பழைய எட்டு எம்எம் ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

கிடா போட்டதை எல்லாம் சலித்தோம். என் கை இத்தனை வருசமாகக் காய் பொறுக்கிய கை. அதே மாதிரிதான் பொறுக்கியது. ஜோய் ஒரு புழுக்கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சேச்சி, இது நல்ல போல்டு ஆணு. நிறம் மட்டும் கொஞ்சம் குறவு."

கயிறு வரவில்லை. மாட்டாஸ்பத்திரியில் கேட்டோம். நூல் வயிற்றிலேயே தங்கிவிடும் என்றார்கள். அந்தச் சல்லடை திரும்பக் கடைக்குப் போகவில்லை. ஏலக்காய் வாங்குகிற வாசகர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கிடாவும் வந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அதைச் சரியாகக் கடைப்பிடித்தது கிடா மட்டும்தான். ஜோய் பேசியதை எல்லாம் அவர் முகத்தைப் பார்த்து அசை போட்டுக்கொண்டே கேட்டது. இவ்வளவு பொறுமையாக அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. ஜோய் அழுதுவிட்டார்.

மலையில்

முருகேசன் தினமும் லோடு எடுக்க வேண்டும். கிடாவை விட்டு விலகவும் கூடாது. அதனால் கிடாவும் தினம் மலைக்குப் போனது. காலையில் குரங்கணி தாண்டி மேலே. சாயங்காலம் கீழே. நடுவில் ஜீப்புக்குப் பக்கத்தில் கட்டிக் கிடந்தது. செக்போஸ்ட்டில் கேட்டார்களாம்.

"ஆடு எதுக்குய்யா?"

"கூட வருதுண்ணே."

மேலே அப்போது விடாத சாரல். கிடா சிலமலையில் வெயிலில் வளர்ந்தது. முதல் நாள் மேலே ஒரு துளி விழுந்தாலும் உடம்பை உதறிச் சிலுப்பியது. பின்னால் இருந்த பெண்கள் மேல் எல்லாம் தெறித்தது.

"ஏண்ணே, மழைக்கு பயந்துதேன் ஜீப்புல ஏறுனோம். நீ உள்ளயே மழையக் கொண்டாந்துருக்க" என்று ஒருத்தி சொன்னாளாம்.

அடுத்த நாள் சிலுப்பல் குறைந்தது. பிறகு விட்டுவிட்டது. மலைக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான். ஈரத்தை உதறிக்கொண்டே இருந்தால் வேறு சோலி பார்க்க முடியாது.

முருகேசன் அந்த நாட்களில் குடிக்கவில்லை. ராத்திரி கிடாவைப் பக்கத்தில் கட்டிப்போட்டுத் தூங்கினான். "கெடா இருக்கு அக்கா, பயமில்ல" என்பான். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச மாட்டான்.

வெங்காயம் கருகுகிறது

வெள்ளிக்கிழமை வந்தது. ஜீப்பில் இருந்தவர்களை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கோயிலில் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். பிள்ளை அழுதது. கிடாவுக்கு மாலை போட்டார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம்தான் வெட்டுவார்கள்.

கிடா நின்றது.

இன்னொரு செம்பு ஊற்றினார். நின்றது.

குடம் வந்தது. கொட்டுக்காரர் காதுக்குக் கிட்டத்தில் போய் அடித்தார். கூல்டிரிங்ஸ் பெட்டியில் இருந்த ஐஸ் தண்ணீரை ஒருவர் கொண்டுவந்து முதுகில் கொட்டினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. ஒரு வாரம் குரங்கணிச் சாரலில் நின்ற ஆடு. அதற்கு இதெல்லாம் ஒரு தண்ணீரா.

சமையல்காரர் வந்தார்.

"அண்ணே, கறி எப்ப வரும்?"

"சாமி சொல்லணும்ப்பா" என்றார் வீரணன்.

"வெங்காயம் கருகுதுன்னு சாமிகிட்ட சொல்லுங்க."

வெயில் ஏறியது. கூட்டம் முணுமுணுத்தது. பிறகு யாரோ சொன்னார்கள், கிடாவுக்குள் கயிறு கிடக்கிறது, ஒருத்தன் கட்டு உள்ளே இருக்கும்போது சாமி எப்படி வாங்கும் என்று. எல்லோரும் முருகேசனைப் பார்த்தார்கள். அவன் மரத்தடியில் குத்தவைத்திருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

வீரணன் தோப்புக்குள் போய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

"மாப்ளே, ஒரே ஒரு வாய். நீ குடிச்சா கட்டு முறிஞ்சுரும். கட்டு முறிஞ்சா கெடா சிலுப்பிரும். அதோட நிறுத்திக்க."

"டாக்டரு வேணாம்னுருக்காரு மச்சான்."

"ஒரு வாய்க்கு என்ன ஆகப் போகுது. இருநூறு பேரு எலைய பாத்து உக்காந்துருக்கான்."

முருகேசன் பாட்டிலைப் பார்த்தான். எனக்கும் தலைக்குள் குரல் கிளம்பியது. கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் விலை சொல்ல ஆரம்பித்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

ஈசுவரி பந்திக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாளோடு எழுந்து வந்தாள்.

"அண்ணே, அதக் கீழ வையி."

"நீ சும்மா இரு ஆத்தா. உள்ள கயிறு கெடக்கு."

"உள்ள கெடக்கிறது வெறும் நூலு."

யாருக்கும் புரியவில்லை. அவள் பூசாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"தையில கட்டுனோம். சித்திரை வரைக்கும்னு சாமிகிட்ட சொன்னது நாந்தேன். இவரு அன்னைக்கு நிக்கிற நிதானத்துல இல்ல. மறுநா வேப்பமரத்தடியில எந்திரிச்சு, ஒரு வருசமா ஈசுன்னு கேட்டாரு. நான் ஆமான்னும் சொல்லல. இல்லன்னும் சொல்லல."

முருகேசன் விரலை மடக்கினான். வைகாசி. ஆனி. ஆடி. ஆவணி. மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சித்திரைக்கப்பறம் எனக்குக் கட்டு இல்லையா?"

"இல்ல" என்றாள் ஈசுவரி.

அவன் பூசாரியிடம் திரும்பினான்.

"அப்ப நான் இப்ப குடிக்கலாமா?"

பூசாரிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கோயில் கணக்குல தடை இல்லப்பா."

வீரணன் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இதுவரை நீட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

முருகேசன் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தான். நம்பரைத் தட்டினான்.

என் சுருக்குப் பையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"அக்கா."

"சொல்லுப்பா."

"குடிக்கணும் போல இருக்கு."

"எங்க இருக்க?"

"சிலமலைக் கோயில்ல. மரத்தடியில."

"கிட்டத்துல யாரு இருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்கதேன்."

"இரு, வர்றேன்."

போனை வைத்தேன். எழுந்தேன். முழங்கால் சொடுக்கியது. திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

தங்கராசு வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஜோய் அந்தப் பக்கம். ஜோய் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து அது முதல் தடவை.

"என்ன நடக்குது இங்க?" என்றார் பூசாரி.

"சோலி நடக்குது. பேசாம இருங்க" என்றார் தங்கராசு.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வேலையை வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது அலுப்பாக இருக்கும். கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைந்தது. போடியில் இருந்து பைக்கில் பிராய்லர் கோழி வந்தது. வெங்காயத்தை மறுபடி நறுக்கினார்கள். பந்தி நடந்தது. கிடாவை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது நேரே வந்து முருகேசன் காலடியில் படுத்தது.

"சாமி வேணாம்னு சொன்ன கெடா எனக்கு எதுக்கு. நீயே ஓட்டிட்டுப் போ மாப்ளே" என்று வீரணன் தூரத்தில் இருந்தே சொன்னார்.

முருகேசன் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கையை இறுக்கி இறுக்கி விட்டான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

ஈசுவரி இலையில் சோறு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். திரும்பிப் போகவில்லை.

"எம்புட்டு நேரம் இப்பிடி உக்காரணும்க்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியாது."

அவளும் உட்கார்ந்தாள்.

அப்போது கிடா எழுந்தது. ஒரு தடவை நன்றாக உடம்பைச் சிலுப்பியது. ரோமத்தில் மிச்சம் இருந்த மஞ்சள் தண்ணீர் எங்கள் மேலும் சோற்றின் மேலும் தெறித்தது. பூசாரி கை கழுவப் போயிருந்தார். வீரணன் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த நாங்கள் சொல்லவில்லை.

முருகேசன் இலையை இழுத்தான். ஒரு வாய் சோறு எடுத்துப் போட்டான்.

மரத்தடியில் அப்போது இருந்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். முருகேசன். ஈசுவரி. தங்கராசு. ஜோய். நான். கிடா.

ஆறு.